அம்பேத்கரைத் தோற்கடித்த வாக்குகள் எவருடையவை?

காரைக்கால் பகுதியின் கோட்டுச்சேரிக் கொம்யூனைச் சேர்ந்த வரிச்சிக்குடியில், இளைஞர்கள் கூடிய ஒரு வாசிப்புக் கூட்டத்தில் நாம் ஒரு கேள்வியை எதிர்கொண்டோம். அண்ணல் அம்பேத்கர் அத்துணைப் பெரிய தலைவர் என்றால், சொந்த மக்களே அவருக்கு ஏன் வாக்களிக்கவில்லை என்று தம்முடன் வேலை பார்க்கும் ஒருவர் ஏளனமாகக் கேட்டதாகவும், தம்மால் விடை சொல்ல இயலவில்லை என்றும் ஓர் இளைஞர் வருந்தினார். இது அவருக்கு மட்டும் நேர்வதன்று. ஏப்ரல் 14 நெருங்கும்போதெல்லாம் இந்த ஏளனம் எங்கேனும் தலைகாட்டுகிறது. அண்மை ஆண்டுகளில் நாடாளுமன்றத்திலேயே ஒரு கட்சி மற்றொரு கட்சியை அடிப்பதற்கு அம்பேத்கரின் தேர்தல் தோல்வியைக் கோலாக எடுத்துக்கொள்கிறது. இரு தரப்பாரும் எண்களைப் பார்ப்பதில்லை. நாம் பார்ப்போம்.

சுதந்திர இந்தியாவில் மக்களவைக்கு அம்பேத்கர் இருமுறை நின்றார், இருமுறையும் தோற்றார். 1952 ஜனவரியில் வடக்கு பம்பாய், 1954 மே மாதத்தில் பண்டாரா. அதற்கும் முன்பே, 1946-இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தம் சொந்த மாகாணத்திலிருந்து செல்ல அவருக்கு வழியில்லாமற் போயிற்று. அவருடைய வாழ்க்கையைக் கல்வி, போராட்டம், சட்டம், பௌத்தம் என்று பலவாறு எழுதியிருக்கிறார்கள். ஒரு வேட்பாளராக அவர் வாழ்ந்த வாழ்வு பெரும்பாலும் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது.

அவர் தோற்றே பழகியவர் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கி, மறு ஆண்டே பம்பாய் மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் நின்று வென்றார். அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியவர் பல்வாங்கர் பாலு. அந்நாளில் இந்தியாவின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளர் என்று புகழ்பெற்றவர். அவரும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவரே. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். தலித் தலைவருக்கு எதிராகத் தலித் பிரமுகர் ஒருவரையே நிறுத்தும் உத்தி அப்போதே தொடங்கிவிட்டது. அம்முறை அது பலிக்கவில்லை. தொழிலாளர் கட்சி தான் நின்ற இடங்களில் பெரும்பாலானவற்றை வென்றது.

இவ்விடத்தில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நலம். இன்று நாம் தனித்தொகுதி என்று சொல்வது, வேட்பாளர் மட்டும் பட்டியல் சாதியினராக இருக்கவேண்டிய தொகுதியை. அங்கே வாக்களிப்போர் எல்லாச் சாதியினருமே. 1932 ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் அரசு வழங்கிய வகுப்புவாரித் தீர்ப்பில் இருந்தது வேறு. அதில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு வாக்குகள்: ஒன்று பொதுத் தொகுதியில், மற்றொன்று அவர்கள் மட்டுமே வாக்களித்துத் தம்மவரைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியில். காந்தியாரின் எரவாடாச் சிறை உண்ணாநோன்பு அந்த இரண்டாவதைப் பறித்தது. செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் மாகாண அவைகளின் இடங்கள் 71-இலிருந்து 148 ஆக உயர்ந்தன. இடங்கள் இரட்டித்தன, அவ்விடங்களுக்கு உரியவரைத் தேரும் உரிமை ஊர்ப் பெரும்பான்மைக்குப் போயிற்று. நம் எம்.சி. ராஜா அப்போது கூட்டு வாக்காளர் தொகுதியை ஆதரித்து நின்றவர். சில ஆண்டுகளிலேயே காங்கிரசின் போக்கைக் கண்டு மனங்கசந்தார் என்பதையும் இங்கே நினைவுகூர்கிறோம்.

ஒப்பந்தத்தில் ஒரு சிறிய காப்பு இருந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் பட்டியல் சாதி வாக்காளர்கள் மட்டும் முதனிலைத் தேர்தல் ஒன்றில் நால்வரைத் தேர்வர். அந்த நால்வரிலிருந்து ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர். 1945–46 தேர்தலில் இது என்னவாயிற்று? அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1942-இல் நாகபுரியில் ஷெட்யூல்டு காஸ்ட் ஃபெடரேஷன் (பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு) உருவாகியிருந்தது, சென்னையின் ந. சிவராஜ் அதன் முதல் தலைவர். முதனிலையில் தம் மக்களிடம் முந்திய கூட்டமைப்பு வேட்பாளர்கள் இறுதித் தேர்தலில் சாதி இந்துக்களின் வாக்குகளால் வீழ்த்தப்பட்டனர். அம்பேத்கர் இதை எண்களோடு தொகுத்துப் பிரிட்டிஷ் அமைச்சர்களுக்கு மடல் எழுதினார். அவர்கள் அசையவில்லை. வென்றவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் காங்கிரசே பட்டியல் சாதிகளின் பிரதிநிதி என்று முடிவுகட்டினர்.

அந்த முடிவின் விலையை அவரே கொடுக்க நேர்ந்தது. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்களை மாகாணச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. பம்பாய்ச் சட்டமன்றத்தில் கூட்டமைப்புக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. வங்காளத்திலிருந்த ஜோகேந்திரநாத் மண்டல் என்ற ஒற்றைக் கூட்டமைப்பு உறுப்பினர் தம்மைச் சுற்றிச் சில பட்டியல் சாதி உறுப்பினர்களைத் திரட்டி, 1946 ஜூலையில் அம்பேத்கரை அங்கிருந்து அனுப்பிவைத்தார். பிரிவினையால் அந்த இடமும் போயிற்று. 1947-இல் எம்.ஆர். ஜெயகர் விலகியதால் காலியான பம்பாய் இடத்துக்குக் காங்கிரசே அவரை அழைத்து நிறுத்தியது. அரசமைப்பை வரைந்தவர், வாக்காளர் பலத்தால் அந்த அவைக்குள் வந்தவரல்லர். ஒரு நண்பரின் உழைப்பாலும், பின்னர் எதிர்த்தரப்பின் தேவையாலும் வந்தவர். (மண்டல் பிற்காலத்தில் மேற்கு வங்கத்தில் தேர்தலில் நின்றும் வெல்லாமலே 1968-இல் மறைந்தார். அவருக்கு நாம் செலுத்தவேண்டிய நன்றி இன்னும் பாக்கி நிற்கிறது.)

1947 ஆகஸ்ட் இறுதியில் அந்த அவையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை வரலாற்று நூல்கள் எளிதில் கடந்துவிடுகின்றன. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொணர்ந்தார். தனித்தொகுதியில் வெல்பவர், பட்டியல் சாதியினர் அளித்த வாக்குகளில் குறைந்தது 35 விழுக்காடாவது பெற்றிருக்க வேண்டும் என்பதே அது. தனி வாக்காளர் தொகுதியை அவர் கேட்கவில்லை. வெல்பவர் தம் மக்களிடமும் ஓரளவு செல்வாக்குள்ளவராக இருக்கட்டும் என்றார், அவ்வளவே. வல்லபாய் படேல் கடுமையாக மறுத்தார், திருத்தம் கைவிடப்பட்டது. முதனிலைத் தேர்தல் என்ற பழைய காப்பும் புதிய அரசமைப்பில் இல்லை. ஆக, 1952-இல் அம்பேத்கர் வேட்பாளராக நின்றபோது, அவருடைய மக்களின் விருப்பத்தைத் தனியே அளக்கும் எந்தக் கருவியும் சட்டத்தில் எஞ்சியிருக்கவில்லை. சொந்த மக்கள் வாக்களிக்கவில்லை என்று ஏளனம் செய்வோர் எந்தக் கணக்கைக் கொண்டு சொல்கிறார்கள் என்று நாம் திருப்பிக் கேட்கலாம். அப்படியொரு கணக்கு எடுக்கப்படவே இல்லை.

1951 செப்டம்பர் இறுதியில் இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதைக் கண்டித்து அவர் அமைச்சரவையிலிருந்து விலகினார். தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன. வயது அறுபது, நீரிழிவு உடலை அரித்துக்கொண்டிருந்தது, கால்வலியால் நடப்பதே துன்பம். அந்நிலையிலும் பஞ்சாப் வரை சென்று கூட்டமைப்பு வேட்பாளர்களுக்காகப் பேசினார். அக்டோபரில் வெளியான கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கை, இந்து மகாசபையோடும் ஆர்.எஸ்.எஸ்ஸோடும் கூட்டு இல்லை, கம்யூனிஸ்டுகளோடும் இல்லை என்று தெளிவாக அறிவித்தது. அம்பேத்கரைத் தோற்கடித்தது காங்கிரஸ் என்று இன்று உரக்கச் சொல்வோர் இந்த வரியை மட்டும் படிப்பதில்லை. பம்பாயில் சோசலிஸ்ட் கட்சியோடு உடன்பாடு ஏற்பட்டது.

வடக்கு பம்பாய் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதியிலிருந்து இருவர் செல்வர். ஒன்று பொது இடம், மற்றொன்று பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய இடம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குச் சீட்டுகள். இரண்டையும் ஒரே வேட்பாளருக்கு இடக்கூடாது. அத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது, விரும்பிய பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியதே. கூட்டமைப்பின் சின்னம் யானை. சோசலிஸ்ட் அசோக் மேத்தா பொது இடத்துக்கு. அம்பேத்கர் ஒதுக்கீட்டு இடத்துக்கு. காங்கிரஸ் தரப்பில் வி.பி. காந்தியும் நாராயண் சதோபா கஜ்ரோல்கரும். கம்யூனிஸ்டாக எஸ்.ஏ. டாங்கே. இந்து மகாசபையும் ராம ராஜ்ய பரிஷத்தும்கூட ஆள் நிறுத்தியிருந்தன.

முடிவு இது. வி.பி. காந்தி 1,49,138. அசோக் மேத்தா 1,39,741. கஜ்ரோல்கர் 1,38,137. அம்பேத்கர் 1,23,576. டாங்கே 96,755. கஜ்ரோல்கரிடம் அம்பேத்கர் 14,561 வாக்குகளில் தோற்றார்.

இந்த ஐந்து எண்களையும் வரிச்சிக்குடிக் கூட்டத்தில் ஒரு தாளில் எழுதி, இணை இணையாகக் கழித்துப் பார்த்தோம். காங்கிரஸ் இணையில் பொது வேட்பாளரைவிடத் தலித் வேட்பாளர் 11,001 வாக்குகள் குறைவு. சோசலிஸ்ட்–கூட்டமைப்பு இணையில் 16,165 குறைவு. ஒருவர் ஒரே வேட்பாளருக்கு ஒரு வாக்குதான் அளிக்க முடியும் என்பதால், மேத்தாவின் பெட்டியில் சீட்டுப் போட்டுவிட்டு அம்பேத்கரின் பெட்டியில் போடாமல் வந்தவர்கள் குறைந்தது 16,165 பேர். இதை வெறும் கழித்தல் கணக்கே சொல்லிவிடுகிறது. மேத்தா பெற்ற அதே எண்ணிக்கையை அம்பேத்கரும் பெற்றிருந்தால் கஜ்ரோல்கரை 1,604 வாக்குகளில் வென்றிருப்பார். தோழமைக் கட்சியின் வாக்காளர்கள் தம் இரண்டாம் சீட்டை எங்கே கொண்டுபோனார்கள் என்பதே அந்தத் தேர்தலின் மையக் கேள்வி.

அத்துணைப் பேரும் சாதிவெறியால் அப்படிச் செய்தார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். டாங்கேவுக்கு மறு சீட்டை அளித்தவர்களும் இருந்திருப்பர். நேருவின் புகழுக்கு மயங்கியவர்களும் இருந்திருப்பர். காஷ்மீர் குறித்து அவர் பேசிய பேச்சும் எதிராகத் திருப்பப்பட்டது. ஆனால் இரண்டு வேறு கட்சிகளின் இணைகளிலும் ஒரே திசையில், தலித் வேட்பாளரின் பக்கமே வாக்கு குறைகிறது. காங்கிரசின் பெருமரத்தடியில் நின்ற கஜ்ரோல்கருக்கே பதினோராயிரம் குறைந்தது என்றால், அரசமைப்பை எழுதியவர் என்ற பெருமை மட்டும் அம்பேத்கருக்கு அதை எப்படி ஈடுசெய்திருக்கும்?

இன்னொன்றும் உண்டு. அத்தொகுதியில் 74,333 வாக்குகள் செல்லாதவை ஆயின. இரண்டு சீட்டுகளையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று மட்டுமே எண்ணப்படும், மற்றது வீண். ஒதுக்கீட்டு இடத்துக்கு வாக்கு போகாதபடி சீட்டை வீணாக்குமாறு கம்யூனிஸ்டுகள் பரப்புரை செய்தார்கள் என்று அம்பேத்கரும் மேத்தாவும் வழக்குத் தொடுத்தனர். தேர்தல் தீர்ப்பாயம் மனுவைத் தள்ளிவிட்டது. தீர்ப்பை நாம் மாற்றி எழுத முடியாது. ஆயினும் தோல்வி வேறுபாட்டைப்போல ஐந்து மடங்கு வாக்குகள் குப்பைக்குப் போன தேர்தல் அது என்பதை ஒதுக்கிவிடவும் முடியாது.

நாடு முழுவதும் கூட்டமைப்பு மக்களவையில் பெற்றவை இரண்டே இடங்கள்: சோலாப்பூரில் பி.என். ராஜ்போஜ், ஐதராபாத் மாநிலத்துக் கரீம்நகரில் எம்.ஆர். கிருஷ்ணா. தலைவர் வெளியே நின்றார். பின்னர் 1952-இல் பம்பாய்ச் சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கால் மாநிலங்களவைக்குச் சென்றார். அந்த இருக்கையோடு அமைந்திருக்கலாம். அவர் அமையவில்லை.

1954-இல் பண்டாராவில் இடைத்தேர்தல் வந்தது. நாகபுரிக்கு அருகிலுள்ள, மகர் மக்கள் மிகுந்த பகுதி. கூட்டமைப்புக்கு வேர் ஆழமான மண். அதுவும் இரட்டை உறுப்பினர் தொகுதியே. மறுபடியும் அசோக் மேத்தா பொது இடத்துக்கு, அம்பேத்கர் ஒதுக்கீட்டு இடத்துக்கு. உடல் இன்னும் நலிந்திருந்தது. கோடை வெயிலில் ஊர் ஊராகப் பேசினார். அப்போது தொண்டர்கள் சிலர் அவரிடம் ஒரு யோசனையோடு வந்ததாகச் சொல்லப்படுவதுண்டு. பம்பாயில் பிறர் நமக்குச் செய்ததை நாமும் செய்வோம். நம் மக்கள் யானைக்கு ஒரு வாக்கு இட்டுவிட்டு மறு சீட்டை வீணாக்கட்டும் என்பது அந்த யோசனை. அம்பேத்கர் இணங்கவில்லை. வாக்குரிமையை அரசமைப்பில் எழுதிய கையாலேயே அதை வீணாக்கச் சொல்ல மாட்டேன் என்பது அவருடைய நிலை.

முடிவு பம்பாயைவிடக் கொடியது. அசோக் மேத்தா வென்றார். அம்பேத்கர் காங்கிரசின் பாவுராவ் போர்க்கரிடம் 8,381 வாக்குகளில் தோற்றார். ஒரே உடன்பாடு, ஒரே மேடை, ஒரே வாக்காளர். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. தலித் மக்களின் இரண்டாம் சீட்டு மேத்தாவை மக்களவைக்கு அனுப்பியது. மேத்தாவின் வாக்காளரது இரண்டாம் சீட்டு முழுமையாகத் திரும்பி வரவில்லை. நட்புக் கட்சிகளோடு உடன்பாடு பேசும் இன்றைய தலித் கட்சிகள் பம்பாயைக் காட்டிலும் பண்டாராவையே கூர்ந்து படிக்கவேண்டும் என்பது நம் கருத்து. அங்கே எதிரி எவரும் சூழ்ச்சி செய்ததாகக் குற்றச்சாட்டில்லை.

இருமுறை தோற்ற மனிதர் அடுத்து என்ன செய்தார்? 1955 ஆகஸ்ட்டில் கூட்டமைப்பின் செயற்குழு, நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் உள்ளாட்சிகளிலும் பட்டியல் சாதியினருக்கான இட ஒதுக்கீட்டையே நீக்கிவிடலாம் என்று தீர்மானம் இயற்றியது. கல்வி, வேலை ஒதுக்கீட்டை அது தொடவில்லை. தேர்தல் ஒதுக்கீட்டை மட்டுமே சொன்னது. தம்மால் அமைந்த ஏற்பாட்டையே அவர் வேண்டாம் என்றது பலருக்கு விளங்கவில்லை. ஒதுக்கீட்டின் எதிரிகள் இத்தீர்மானத்தைத் தமக்குச் சாதகமாக எடுத்தாள்வதும் உண்டு. அதே ஆண்டில் மொழிவாரி மாநிலங்கள் பற்றி எழுதிய சிறுநூலில் அவர் என்ன மாற்று சொன்னார் என்பதை அவர்கள் மறைத்துவிடுவர். இரண்டு மூன்று உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதிகள் வேண்டும். வாக்காளர் தம் வாக்குகள் அனைத்தையும் விரும்பினால் ஒரே வேட்பாளருக்குக் குவிக்கலாம் என்ற உரிமை வேண்டும். இதுவே அவர் முன்வைத்தது. 1952-இன் விதி தடுத்ததும் இதையேதான். சிறுபான்மையாகச் சிதறிக் கிடக்கும் மக்கள், எவர் தயவுமின்றித் தம் ஆளைத் தாமே அனுப்ப அது ஒரு வழி. தோல்வியில் கற்றதை அவர் புலம்பலாக எழுதவில்லை. தேர்தல் முறைக்கான முன்மொழிவாக எழுதினார்.

அந்த முன்மொழிவை எவரும் விவாதிக்கவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று, பண்டாராவுக்கு அண்மையிலுள்ள நாகபுரியில், இலட்சக்கணக்கானோர் சூழ அவர் பௌத்தம் தழுவினார். இருமுறை அவரை மக்களவைக்கு அனுப்பாத சட்டத்தின் கணக்கையும், அன்று அந்தத் திடலில் திரண்ட மக்களின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டிசம்பர் 6 அன்று, மாநிலங்களவை உறுப்பினராக இருக்கும்போதே, தில்லியில் மறைந்தார்.

சில மாதங்களில் வந்த 1957 தேர்தலில் நாசிக்கிலிருந்து பி.கே. கெய்க்வாடும் செங்கற்பட்டிலிருந்து ந. சிவராஜும் மக்களவைக்குச் சென்றனர். அதே தேர்தலில் ஆந்திரத்தின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் வேறொன்று நடந்தது. பழங்குடி வேட்பாளர்கள் இருவர் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தனர். ஒருவர் ஒதுக்கீட்டு இடத்தையும், சூரி தோரா பொது இடத்தையும் பெற்றனர். தோற்றவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1959-இல் அங்கும் தோற்றார். ஒதுக்கீட்டு வேட்பாளர் கூடுதல் வாக்குப் பெற்றால் பொது இடத்துக்கும் உரியவரே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1961-இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நிர்வாக வசதி உள்ளிட்ட காரணங்கள் கூறப்பட்டன. இரட்டைத் தொகுதி அம்பேத்கரை இருமுறை வீழ்த்தியபோது அதில் எவருக்கும் வசதிக்குறைவு தெரியவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

வரிச்சிக்குடியின் மூத்தோர் எவரும் அந்த 1952 தேர்தலில் வாக்களித்தவரல்லர். காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பண்டாராவில் அம்பேத்கர் தோற்று ஆறு மாதம் கழித்தே, 1954 நவம்பர் முதல் நாள் அது இந்தியாவின் கைக்கு வந்தது. இன்று அவ்வூரார் வாக்களிக்கும் புதுச்சேரி மக்களவைத் தொகுதி ஒன்றே ஒன்று, அது பொதுத்தொகுதி. எல்லை தாண்டினால் நாகப்பட்டினம், தனித்தொகுதி. புதுச்சேரிச் சட்டமன்றத்தின் முப்பது தொகுதிகளில் ஐந்து தனித்தொகுதிகள். காரைக்கால் பகுதியில் நெடுங்காடு. அங்கே எந்தக் கட்சியின் தலித் வேட்பாளர் வெல்வார் என்பதைத் தீர்மானிக்கும் கைகளில் தலித் கைகள் எத்தனை என்று, கேள்வி கேட்ட அந்த இளைஞர் தாளின் மறுபக்கத்தில் வாக்காளர் பட்டியலை வைத்துக் கணக்கிடத் தொடங்கியிருந்தார்.